வாக்கு கேட்டு வரும் சாதனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

2025 மே 3ஆம் தேதி பொதுத் தேர்தல் நடந்தபோது எனக்கு 21 வயது நிரம்பியிருக்கவில்லை. அப்பா, அம்மா, பாட்டி மூவரும் காலையிலேயே வாக்களித்துவிட்டு வந்துவிட்டார்கள். நான் வீட்டிலேயே இருந்து, அஞ்சல் பெட்டியில் ஒன்பது நாளாக வந்து குவிந்த பிரசாரத் தாள்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாத் தாள்களிலும் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று, செய்து முடித்தவை. மற்றொன்று, அடுத்த ஐந்தாண்டுகளில் செய்யப்போகிறவை. கூரையிட்ட நடைபாதை, முதியோருக்கான உடற்பயிற்சி மூலை, வசதி குறைந்த குடும்பங்களுக்கு உணவுப் பை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவிநிதி. எதுவும் வேண்டாததல்ல. ஆனால் வரிசையாகப் படிக்கும்போது எது பெரிய வேலை, எது சிறிய வேலை என்று தெரியவில்லை. ஒரு நடைபாதையும் ஒரு சட்டத் திருத்தமும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருந்தால் முதன்முறை வாக்களிக்கப்போகும் ஒருவர் எதை வைத்து எடைபோடுவது?

அடுத்த தேர்தலில் நானும் வாக்களிப்பேன். அதற்கு முன் பழகிக்கொள்ளலாம் என்று, ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், ஒரே ஒரு சமூக சேவைத் துறை என்று எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 20 ஆண்டுப் பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்தவர் ஜாலான் புசார் குழுத்தொகுதியின் டெனிஸ் புவா. துறை, சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் கல்வியும் வாழ்க்கையும். நான் அத்தொகுதியில் வசிக்கவில்லை. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஒரு துறையில் நீண்டகாலமாக ஒருவர் பேசிவந்திருந்தால்தான் பேச்சுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க முடியும் என்பதே காரணம்.

நகர மன்றம் இல்லாத நகரம்

முதலில் ஒரு சிறு வரலாறு. பல நாடுகளில் வட்டாரப் பிரச்சினைகளுக்கு ஒரு பிரதிநிதியும் நாட்டுச் சட்டங்களுக்கு வேறொரு பிரதிநிதியும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1957 டிசம்பரில் நடந்த நகர மன்றத் தேர்தலுக்குப் பிறகு மக்கள் செயல் கட்சியின் ஓங் எங் குவான் மேயரானார். 1959ல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது நகர மன்றத்தின் பணிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதன் பிறகு இங்கு உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே இல்லை.

இப்போதும் மேயர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்களுக்குத் தலைமை வகிக்கும் அவர்களை நாம் மேயராகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களிலிருந்து அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஆகவே, வாக்காளருக்குக் கிடைக்கும் ஒரே வட்டாரப் பிரதிநிதி நாடாளுமன்ற உறுப்பினர்தான். மின்தூக்கி பழுதானாலும் அவர்தான், மருத்துவக் கட்டணம் கட்ட முடியாவிட்டாலும் அவர்தான், சட்டம் இயற்றுவதும் அவர்தான்.

வாரம் ஒருமுறை மாலையில் நடக்கும் மக்கள் சந்திப்பு, இந்த இரட்டை வேடத்தின் முகம். 1955ல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் அதைத் தொடங்கிவைத்தார். வழக்கறிஞரான அவர், கட்சிக்காரரைக் கேட்பதைப் போலவே பொதுமக்களையும் உட்காரவைத்துக் கேட்டார். அவரது ஆட்சி 1956லேயே முடிந்துபோனது. ஆனால் அந்த வழக்கம் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி இன்றும் தொடர்கிறது. புளோக்கின் கீழ்த்தளத்திலோ பாலர் பள்ளி வகுப்பறையிலோ மேசைகள் போடப்படும். தொண்டூழியர் ஒருவர் குடியிருப்பாளரின் பிரச்சினையைக் கேட்டு எழுதுவார். வீவக, மத்திய சேம நிதிக் கழகம், மனிதவள அமைச்சு, சமூக சேவை அலுவலகம் என உரிய இடத்துக்கு உறுப்பினரின் கையொப்பத்துடன் கடிதம் போகும்.

அந்தக் கடிதம் ஒரு வேண்டுகோள் மட்டுமே. முடிவெடுப்பது அந்தந்த அமைப்பு. விதி இடங்கொடுத்தால் உதவி கிடைக்கும். இடங்கொடுக்காவிட்டால் பணிவான மறுப்புக் கடிதம் வரும். விதியே தடையாக இருக்கும்போது எத்தனை கடிதம் எழுதினாலும் பயனில்லை. அங்கேதான் உறுப்பினரின் இரண்டாவது வேலை தொடங்குகிறது.

சட்டத்துக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

கட்டாயக் கல்விச் சட்டம் 2000ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2003ல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளையைத் தக்க காரணமின்றிப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டனை உண்டு. ஒரு பிள்ளைகூடக் கல்வியின்றி விடுபடக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஆனால் உடல், அறிவுத்திறன் குறைபாடு காரணமாக வழக்கமான தொடக்கப்பள்ளியில் படிக்க இயலாத பிள்ளைகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு என்ற சொல் சலுகைபோல் ஒலிக்கும். ஒருவகையில் சலுகைதான், பெற்றோரைத் தண்டனையிலிருந்து காத்தது. ஆனால் மறுபக்கமும் உண்டு. சட்டம் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு வரச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பும் அரசாங்கத்துக்கு வந்துவிடுகிறது. விலக்கு அளித்தபோது அந்தப் பொறுப்பும் தளர்ந்துபோனது.

அக்காலத்திலும் சிறப்புப் பள்ளிகள் இருந்தன. 1962ல் தொடங்கப்பட்ட மைண்ட்ஸ் போன்ற சமூக சேவை அமைப்புகளே அவற்றை நடத்தின. கல்வி அமைச்சு நிதியுதவி வழங்கியது. இன்றும் அந்த ஏற்பாடு பெரும்பாலும் தொடர்கிறது. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு உரிமையாக இருந்த பள்ளி, இந்தப் பிள்ளைகளுக்கு நற்பணியாக இருந்தது. உரிமைக்கும் நற்பணிக்கும் உள்ள வேறுபாடு, பள்ளியில் இடம் கிடைக்காத நாளில்தான் பெற்றோருக்குத் தெரியும்.

41 மாணவர்களுடன் தொடங்கிய பள்ளி

திருவாட்டி புவா அரசியலுக்கு வருமுன்பே இத்துறையில் இருந்தவர். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய் என்பதை அவரே பொதுமேடைகளில் சொல்லியிருக்கிறார். நிறுவனப் பணியில் இருந்த அவர், அதை விட்டுவிட்டு முழுநேரத் தொண்டூழியரானார். 2004 ஜனவரியில் 41 மாணவர்களுடன் தொடங்கப்பட்ட பாத்லைட் பள்ளியின் இணை நிறுவனர் அவர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வழக்கமான பாடத்திட்டத்தைப் படித்து, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் சாதாரண நிலைத் தேர்வையும் எழுதலாம் என்று நம்பித் தொடங்கப்பட்ட பள்ளி அது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அங்குப் படிக்கிறார்கள்.

2006ல் அவர் ஜாலான் புசார் குழுத்தொகுதியில் மசெக வேட்பாளராக வென்று நாடாளுமன்றத்துக்குச் சென்றார். 2011ல் தொகுதி எல்லை மாறி மோல்மீன்-காலாங் ஆனது. 2015ல் ஜாலான் புசார் மீண்டும் உருவாக்கப்பட்டது. 2025 தேர்தலில் அவரது அணி 75 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளைப் பெற்றது.

உறுப்பினரான பிறகு அவர் கையில் இருந்தது என்ன? அமைச்சர் பதவி இல்லை. சட்டத்தை அவர் தனியாக மாற்றிவிட முடியாது. ஆளுங்கட்சி உறுப்பினர் என்பதால் கட்சிக் கொறடாவின் கட்டுப்பாட்டை மீறி வாக்களிக்கவும் முடியாது. கையில் இருந்தது பேசும் வாய்ப்பு மட்டுமே. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி ஒவ்வோர் அமைச்சின் செலவினமும் விவாதிக்கப்படும்போது, சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளையும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

அவர் மட்டும் கேட்கவில்லை. வேறு உறுப்பினர்களும் கேட்டார்கள். பெற்றோரும் சமூக சேவை அமைப்புகளும் கேட்டார்கள். உடற்குறையுள்ளோருக்கான முதல் பெருந்திட்டம் 2007ல் தொடங்கியது. உடற்குறையுள்ளோரின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 2012ல் கையெழுத்திட்டு, 2013ல் அதை உறுதிப்படுத்தியது. 2016ல் கல்வி அமைச்சு தன் முடிவை அறிவித்தது. அதைச் செயல்படுத்துவதற்கான ஆலோசனைக் குழுவுக்கு அப்போதைய துணை அமைச்சர் டாக்டர் ஜனில் புதுச்சேரி தலைமை வகித்தார். 2019ல் தொடக்கநிலை ஒன்றுக்குச் சென்ற பிள்ளைகள் முதல், மிதமானது தொடங்கிக் கடுமையானது வரை சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் அச்சட்டத்துக்குள் வந்தார்கள்.

2000ல் நிறைவேறிய சட்டம் முழுமை பெற 19 ஆண்டுகள் ஆயின. திருவாட்டி புவா உறுப்பினரான நாளிலிருந்து கணக்கிட்டால் 13 ஆண்டுகள். இடையில் இரண்டு பொதுத் தேர்தல்கள். அந்தத் தேர்தல்களின் பிரசாரத் தாளில் இதைச் ‘செய்து முடித்தவை’ பட்டியலில் போட்டிருக்க முடியாது. அப்போது கையில் காட்ட எதுவுமே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தது மட்டுமே. ஐந்தாண்டுப் பட்டியலை மட்டும் பார்த்து எடைபோடும் வாக்காளரின் கண்ணில் இப்படிப்பட்ட வேலை படவே படாது.

மேயரின் கையில் இருப்பது

2014 முதல் அவர் மத்திய சிங்கப்பூர் வட்டாரத்தின் மேயராகவும் இருக்கிறார். இங்கே கைக்கு எட்டும் வேலைகள் அதிகம். நிதி உண்டு, அலுவலர்கள் உண்டு, திட்டம் தொடங்கலாம். மத்திய சிங்கப்பூர் சமூக மேம்பாட்டு மன்றம் 2015ல் தொடங்கிய ‘பர்ப்பிள் சிம்ஃபனி’ இசைக்குழு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சிறப்புத் தேவை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கும் குழு அது. அதற்கு முன் 2013ல் ஹோங் லிம் பூங்காவில் தொடங்கிய ‘பர்ப்பிள் பரேட்’ நிகழ்ச்சியை முன்னின்று நடத்தியவர்களிலும் அவர் ஒருவர். என் பல்கலைக்கழக நண்பர்கள் சிலருக்கு உடற்குறையுள்ளோரைப் பற்றிய முதல் அறிமுகமே அந்த ஊதா நிறச் சட்டைதான்.

இத்தகைய திட்டங்களால் மனப்பான்மை மாறும். ஆனால் அடுத்த மேயர் வந்தால் திட்டம் நிற்கலாம். நிதி குறைந்தால் சுருங்கலாம். சட்டத்துக்குள் வந்த உரிமையை அவ்வளவு எளிதில் எடுத்துவிட முடியாது. இரண்டும் சாதனைகளே என்றாலும் இரண்டின் ஆயுளும் வேறு.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பிரசாரத் தாளில் வரும் பல நலத்திட்டங்கள் மக்கள் கழகத்தின் அடித்தள அமைப்புகள் மூலமாகவோ சமூக மேம்பாட்டு மன்றங்கள் மூலமாகவோ நடப்பவை. எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் அத்தொகுதியின் உறுப்பினர் அடித்தள அமைப்புகளின் ஆலோசகராக நியமிக்கப்படுவதில்லை. ஆகவே உணவுப் பைகளின் எண்ணிக்கையை வைத்து இரு கட்சி உறுப்பினர்களை ஒப்பிட்டால் ஒருவர் குதிரையிலும் மற்றவர் நடந்தும் ஓடிய பந்தயத்துக்கு மதிப்பெண் போடுவதாகும். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை மட்டும் எல்லா உறுப்பினருக்கும் பொது. அதனால்தான் நான் அதற்கு அதிக மதிப்பெண் கொடுக்க விரும்புகிறேன்.

தமிழர்கள் மறக்காத ஒரு பேச்சு

சாதனையைப் பற்றி எழுதும்போது சறுக்கலை விட்டுவிட்டால் அது பிரசாரத் தாளாகிவிடும். 2016 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் லிட்டில் இந்தியாவைப் பற்றிப் பேசிய திருவாட்டி புவா, அங்கு வெளிநாட்டு ஊழியர்கள் பெருந்திரளாகக் கூடுவதை வெடிக்கக் காத்திருக்கும் குண்டுக்கு ஒப்பிட்டார். 2013 டிசம்பரில் நடந்த கலவரத்துக்குப் பின் அவ்வட்டாரக் குடியிருப்பாளர்களுக்கு இருந்த கவலையை எடுத்துச் சொல்வது அவரது கடமைதான். ஆனால் வாரம் முழுவதும் கட்டுமானத் தளத்தில் உழைத்துவிட்டு, ஞாயிறன்று ஊருக்குப் பணம் அனுப்பவும் ஊர்க்காரரைப் பார்க்கவும் தேக்காவுக்கு வரும் ஒருவரை அந்தச் சொல் எப்படித் தாக்கும்? கண்டனம் எழுந்தது. அவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், சமூக சேவையில் ஒருவருக்கு இருக்கும் கூர்மையான பார்வை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒதுக்கப்பட்ட ஒரு பிரிவினருக்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த ஒருவரே, ஒதுக்கப்பட்ட வேறொரு பிரிவினரைப் பற்றிப் பேசும்போது தவறிவிட முடிந்தது. தொகுதிக்குள் நடமாடினாலும் அந்த ஊழியர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. வாக்கில்லாதவரைப் பற்றி ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதும் அவரது சாதனைக் கணக்கில் ஒரு வரிதான். கூட்டலிலும் கழித்தலிலும் இரண்டையும் போட்டுப் பார்ப்பது வாக்காளரின் வேலை.

இன்னும் கிடைக்காதவை

அவர் கேட்டதெல்லாம் நடந்துவிடவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை நீக்கிவிட்டு, விரும்பும் மாணவர்கள் தொடக்கநிலையிலிருந்து உயர்நிலை வரை அத்தேர்வு இல்லாமலே படிக்க வழிசெய்யலாம் என்பது அவர் பலமுறை முன்வைத்த யோசனை. கல்வி அமைச்சு அதை ஏற்கவில்லை. 2021ல் மதிப்பெண் முறை மாற்றப்பட்டது. தேர்வு அப்படியே இருக்கிறது. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் கல்வியில் கிடைத்த வெற்றி இங்கே கிடைக்காததற்கு ஒரு காரணம் எனக்குப் புலப்படுகிறது. முன்னதை எதிர்த்தவர்கள் அதிகம் இல்லை. அது வசதிகளும் ஆசிரியர்களும் சேரக் காத்திருந்த மாற்றம். பின்னதில் பெற்றோரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டும் வீடுகளில் ‘தேர்வு வேண்டாம்’ என்பதற்கும் ‘தேர்வு இல்லாவிட்டால் எப்படி’ என்பதற்கும் ஒரே சாப்பாட்டு மேசையில் ஆள் உண்டு.

அடுத்த பெரிய கேள்வி, பள்ளிக்குப் பின் என்ன என்பது. சிறப்புப் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய 18 வயதில் பள்ளியை முடிக்கிறார்கள். காலையில் புளோக்கின் கீழே வந்து நின்ற பள்ளிப் பேருந்து ஒருநாள் வராமல் போகிறது. சிலருக்கு வேலை கிடைக்கும். சிலர் பகல்நேர நடவடிக்கை நிலையங்களுக்குப் போவார்கள். மற்றவர்கள் வீட்டில்தான். அம்மாவோ அப்பாவோ வேலையை விட வேண்டியிருக்கும்.

2022ல் வெளியிடப்பட்ட உடற்குறையுள்ளோருக்கான பெருந்திட்டம் 2030 இதற்கு ஓர் இலக்கு வைத்திருக்கிறது. வேலை செய்யும் வயதில் உள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் 2030க்குள் வேலையில் இருக்க வேண்டும். 2023ல் தெம்பனிசில் முதல் சேவை நடுவம் திறக்கப்பட்டது. பராமரிப்பாளர்கள் சற்று மூச்சுவிட, தங்கள் பிள்ளைகளை அங்கே சிறிது நேரம் விட்டுச் செல்லலாம். பெற்றோர் காலத்துக்குப் பின் பிள்ளைக்கான பணத்தை நிர்வகிக்க, சிறப்புத் தேவையுடையோருக்கான அறக்கட்டளை நிறுவனம் 2009லேயே தொடங்கப்பட்டது. இந்த மூன்றும் நல்ல தொடக்கம். ஆனால் கட்டாயக் கல்வியைப் போல் 18 வயதுக்குப் பிறகு எதுவும் சட்டப்படியான உறுதி அல்ல. ஒரு காலத்தில் பள்ளி இருந்த நிலையில், அதாவது உரிமைக்கும் நற்பணிக்கும் நடுவில்தான், பெரியவர்களான பிறகு அவர்களுக்கான சேவை இன்று நிற்கிறது. திருவாட்டி புவாவின் அடுத்த ஐந்தாண்டுகளை மட்டுமல்ல, எந்த உறுப்பினரின் ஐந்தாண்டுகளையும் அளக்க இது ஒரு நல்ல அளவுகோல்.

நம் வீடுகளில்

சிறப்புத் தேவையுடைய இளையர்களுடன் சனிக்கிழமைகளில் நேரம் செலவிடும் தொண்டூழியக் குழு ஒன்றில் நான் ஓராண்டு இருந்தேன். பேரனை அழைத்துவரும் ஒரு தமிழ்ப் பாட்டி, மற்றவர்களிடம் பேசமாட்டார்; நான் தமிழில் பேசியதும் என்னிடம் மட்டும் பேசத் தொடங்கினார். “அவனுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் பேசிப் பழக்கணும்னு அப்பவே சொல்லிட்டாங்கம்மா. எனக்கு இங்கிலீஷ் வராது. இத்தனை வருஷமா ரெண்டு பேரும் சைகையிலதான் பேசிக்கிறோம்” என்றார்.

அவர் வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய பல உதவிகள் அவருக்குத் தெரியவில்லை. மக்கள் சந்திப்புக்குப் போனதுண்டா என்று கேட்டேன். “அங்கெல்லாம் போய் நம்ம வீட்டு விஷயத்தைச் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா பாப்பா?” என்றார்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. உறுப்பினர் எவ்வளவு அக்கறை உள்ளவராக இருந்தாலும், மேசைக்கு வராத பிரச்சினை நாடாளுமன்றத்துக்குப் போகாது. கூச்சத்தால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளப்படும் ஒவ்வொரு பிள்ளையும் கணக்கில் ஒன்று குறைகிறது. நம் சமூகத்தில் கல்வி உதவி என்றால் சிண்டாவிடம் தயங்காமல் போகிறோம். துணைப்பாட வகுப்பில் சேர்க்கிறோம். ஆட்டிசம் என்றால் மட்டும் உறவினருக்குத் தெரியக்கூடாது என்கிறோம்.

இங்கே இருமொழி படித்த நம் தலைமுறைக்கு ஒரு வேலை இருக்கிறது. மக்கள் சந்திப்புகளில் கடிதம் எழுதும் தொண்டூழியர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர் அந்த மேசையில் ஒருவர் இருந்தால், அந்தப் பாட்டி ஒருவேளை உட்கார்ந்து பேசியிருப்பார். எந்தக் கட்சி மேசை என்பது அவரவர் விருப்பம்.

மூன்று கேள்விகள்

அடுத்த தேர்தலுக்கு முன் பிரசாரத் தாள் வரும்போது நான் மூன்று கேள்விகள் கேட்கப்போகிறேன்.

முதலாவது, இந்தச் சாதனை இவர் இல்லாவிட்டாலும் நடந்திருக்குமா? வீவக மேம்பாட்டுத் திட்டம் நாடு முழுவதும் வருகிறது. சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு எல்லாக் குடும்பங்களுக்கும் வருகிறது. அவற்றை ஒருவரின் தனிப்பட்ட சாதனையாக எண்ண வேண்டியதில்லை.

இரண்டாவது, மக்கள் சந்திப்பில் கேட்டதை இவர் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனாரா? இதை ஊகிக்கத் தேவையில்லை. நாடாளுமன்ற உரைகளின் பதிவுகள் இணையத்தில் உள்ளன. உறுப்பினரின் பெயரைத் தட்டினால் யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று எவரும் இலவசமாகப் படிக்கலாம். நான் இந்தக் கட்டுரைக்காக முதன்முறையாக அங்கே தேடிப் பார்த்தேன். ஒரு மாலை நேரத்தில் கிடைத்த தெளிவு, ஒன்பது நாள் பிரசாரத்தில் கிடைக்கவில்லை.

மூன்றாவது, மறுப்பு வந்த பிறகு இவர் மறுபடியும் கேட்டாரா? ஒருமுறை கேட்பது எளிது. அமைச்சர் பதில் சொல்லிவிட்டார், செய்தித்தாளிலும் வந்துவிட்டது என்று அதோடு விட்டுவிடலாம். 2019ல் சிறப்புத் தேவையுடைய ஒரு பிள்ளைக்குச் சட்டப்படி பள்ளியில் இடம் கிடைத்ததென்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் யாரோ சிலர் அதே கேள்வியை அலுப்பில்லாமல் கேட்டிருக்கிறார்கள்.

தொண்டூழியக் குழுவின் கடைசி நாளில் அந்தப் பாட்டியிடம் சமூக சேவை அலுவலகத்தின் முகவரியைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். போனாரா என்று எனக்குத் தெரியாது. பேரனுக்கு இந்த ஆண்டு 17 வயது. பள்ளிப் பேருந்து இன்னும் ஓராண்டு வரும்.